மனதும் வேண்டும், செவியும் வேண்டும்

ஆதார வேதபகுதி: ஏசாயா 1:19



ஏசாயா தீர்க்கதரிசியின் முதலாம் அதிகாரத்தை இந்த வாரம் ஒரு தடவை நிதானமாக வாசித்துப் பாருங்கள். எருசலேமில் ஆராதனைக்குக் குறைவே இல்லை. பலி நடக்கிறது. தூபம் எழும்புகிறது. மாதப்பிறப்பும் ஓய்வுநாளும் தவறவில்லை. நீண்ட ஜெபமும் இருக்கிறது. ஆனாலும் இதெல்லாம் எனக்குப் பாரமாகிவிட்டது என்கிறார் கர்த்தர். கூட்டம் நிறைந்திருக்கிற ஆலயத்தைப் பார்த்துத்தான் இப்படிச் சொல்கிறார்! நமக்கு நடுக்கம் வர வேண்டாமா?

ஆனால் அந்த அதிகாரத்தில் கோபம் மட்டும் இல்லை. 19-ம் வசனத்தில் ஒரு வாக்குத்தத்தம் உண்டு. தேசத்தின் நன்மையைச் சாப்பிடலாம் என்கிறார். நாம் அந்த நன்மையை மட்டும் பிடித்துக்கொண்டு காலண்டரில் எழுதி வைத்துவிடுகிறோம். அதற்கு முன்னால் இருக்கிற நிபந்தனையைக் கவனித்தீர்களா? அங்கே ஒன்றல்ல, இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று, மனம்பொருந்த வேண்டும். இன்னொன்று, செவிகொடுக்க வேண்டும். மனது ஒரு பக்கம், காது ஒரு பக்கம். சிலரிடத்தில் கீழ்ப்படிதல் இருக்கும், மனது இருக்காது. சிலரிடத்தில் மனது நிறைய இருக்கும், கீழ்ப்படிதல் இருக்காது. கர்த்தர் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார். இதைத்தான் இந்த மாதச் செய்தியாக ஆவியானவர் நமக்கு நினைப்பூட்டுகிறார்.

1. மனதில்லாத கீழ்ப்படிதல்

யோனாவை நமக்கெல்லாம் தெரியும். முதல் தடவை நினிவேக்குப் போகச் சொன்னபோது தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினான். மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்து வந்த பிறகு, இரண்டாம் தடவை சொன்னதும் போனான். கீழ்ப்படிந்தான். பிரசங்கித்தான். ஒரு பெரிய நகரமே இரட்டு உடுத்தி மனந்திரும்பியது. இப்படி ஒரு எழுப்புதல் எந்த ஊழியக்காரனுக்குக் கிடைக்கும்? ஆனால் யோனா 4-ம் அதிகாரத்தைப் பாருங்கள். ஊரெல்லாம் இரக்கம் பெற்றது, பிரசங்கித்தவன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆமணக்குச் செடி நிழலில் உட்கார்ந்திருக்கிறான். வேலை முடிந்தது, சந்தோஷம் இல்லை. கால் நினிவேக்குப் போனது, மனது இன்னும் தர்ஷீசுக்குப் போகிற கப்பலிலேயே இருந்தது.

வேண்டா வெறுப்புக்குப் பிள்ளை பெத்து காண்டாமிருகம்னு பேர் வச்ச கதையை நம்ம பெரியவங்க சொல்வாங்க. சில பேர் செய்கிற ஊழியமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சபையைப் பெருக்குவாங்க, ஆனா ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஒரு முறுமுறுப்பு. "நான் ஒருத்திதான் கிடைச்சேனா? மத்தவங்களுக்கு எல்லாம் கையில்லையா?" பாயைச் சுருட்டுகிற சத்தத்திலேயே மனசு தெரிந்துவிடும். கிராம ஊழியத்துக்கு வருவாங்க, பாஸ்டர் ஐயா கூப்பிட்டாரே என்பதற்காக. காணிக்கை போடுவாங்க, பக்கத்தில் இருக்கிறவங்க பார்க்கிறாங்களே என்பதற்காக. உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில்தான் தேவன் பிரியமாயிருக்கிறார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் மறக்கக்கூடாது (2 கொரி. 9:7).

இங்கே மேய்ப்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கட்டாயத்தினால் அல்ல, மனப்பூர்வமாய் மேய்க்கச் சொல்லி பேதுரு எழுதியது யாருக்கு? மூப்பர்களுக்குத்தான் (1 பேதுரு 5:1-3). அதே இடத்தில், மந்தையை ஆளுகை செய்கிறவர்கள் மாதிரி நடக்க வேண்டாம், மாதிரிகளாக இருங்கள் என்றும் சொல்கிறார். கீழ்ப்படிதல் என்கிற வார்த்தையை வைத்து விசுவாசிகளைப் பயமுறுத்தி வேலை வாங்குவது வேதத்தின் முறை அல்ல. பவுலைப் பாருங்கள். ஒநேசிமுவைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை. அப்போஸ்தலன், கட்டளையிடவே அதிகாரம் உண்டு. ஆனாலும் பிலேமோனுடைய நன்மை கட்டாயத்தால் வரக்கூடாது, மனதார வர வேண்டும் என்று காத்திருந்தார் (பிலே. 14). நாம் கீழ்ப்படிகிறது தேவனுடைய வார்த்தைக்கு. அந்த வார்த்தையைச் சொல்கிறவரும் அதற்குக் கீழ்ப்பட்டவர்தான்.

2. கீழ்ப்படியாத ஆர்வம்

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். தாவீது உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவரப் புறப்பட்ட காட்சியை 1 நாளாகமம் 13-ல் வாசிக்கிறோம். என்ன ஆர்வம்! என்ன பாட்டு! சுரமண்டலம், தம்புரு, மேளம், கைத்தாளம், பூரிகை எல்லாம் முழங்குகிறது. ராஜாவே முழு பலத்தோடு ஆடுகிறான். மனது இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் பெட்டி எதின்மேல் வந்தது? புது வண்டியின்மேல். லேவியர் தோளில் சுமக்க வேண்டும் என்று கர்த்தர் முன்னமே சொல்லியிருந்தார். மாடு மிரண்டது, ஊசா கை நீட்டினான், செத்துப்போனான். பாட்டு நின்றது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எல்லாம் இருந்தது, செவி மட்டும் இல்லை. பிற்பாடு 15-ம் அதிகாரத்தில் தாவீது அந்தக் குறையை உணர்ந்து, சொன்னபடியே தோளில் சுமக்க வைத்தான்.

தேவபிள்ளையே, பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நமக்கு இது கிட்டத்தில் வந்து பேசுகிற வசனம். நமக்கு ஆர்வத்துக்குக் குறைவில்லை. கைத்தட்டல் உண்டு, துதி உண்டு, முழு இரவு ஜெபம் உண்டு, கீபோர்டும் டிரம்ஸும் உண்டு. "ஆண்டவரே, என்னை அனுப்பும்" என்று கன்வென்ஷன் மைதானத்தில் கண்ணீரோடு கை தூக்குகிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் மறுநாள் காலையில், கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற அண்ணனிடத்தில் போய் ஒப்புரவாகு என்று ஆவியானவர் சொன்னால், "அது ஏவுதல் வரட்டும், பார்க்கலாம்" என்கிறோம். கடைக்காரருக்கு வாங்கிய கடனைத் திருப்பிக் கொடு என்றால், "ஜெபிச்சிட்டு இருக்கேன் பிரதர்" என்கிறோம். வேதத்திலே தெளிவாக எழுதியிருக்கிற காரியத்துக்குத் தனி ஏவுதல் எதற்கு? எழுதியிருக்கிறதே ஏவுதல்தான்.

ஆர்வம் இருந்தும் தேவன் "வேண்டாம்" என்று சொன்னால் என்ன செய்வது? அதற்கும் தாவீதிடமே பாடம் உண்டு. கர்த்தருக்கு ஆலயம் கட்ட அவனுக்கு எவ்வளவு ஆசை! கர்த்தர், நீ அல்ல, உன் மகன் கட்டுவான் என்றார். மேடையில் பாட இடம் கொடுக்காவிட்டால் அடுத்த வாரமே வேறே சபைக்குப் போகிற காலத்தில் நாம் இருக்கிறோம். தாவீது கோபிக்கவில்லை. பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் இரும்பும் மரமும் கல்லும் சேர்த்து வைத்தான். கட்டப்போகிறவன் பெயர் வரப்போகிற ஆலயத்துக்கு, கட்டாதவன் மனதாரச் சாமான் சேர்த்தான்! அவனைப் பார்த்து ஜனங்களும் மனப்பூர்வமாய்க் கொடுத்துச் சந்தோஷப்பட்டார்கள் (1 நாளா. 29:9). மனதும் செவியும் ஒரே மனுஷனில் சேர்ந்தால் இப்படித்தான் இருக்கும். அல்லேலூயா!

3. "மாட்டேன்" என்று சொல்லிப் போனவர்

மத்தேயு 21-ல் ஆண்டவர் இரண்டு குமாரரைப் பற்றிச் சொன்னார். திராட்சத்தோட்டத்துக்குப் போ என்று தகப்பன் சொன்னபோது, ஒருவன் மாட்டேன் என்றான், பிறகு மனம் மாறிப் போனான். இன்னொருவன் போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொன்னான், போகவில்லை. தகப்பனுடைய சித்தத்தின்படி செய்தவன் முதலாமவன்தான்.

அந்த முதலாம் குமாரனைப் போல ஒருவரை நம்ம பக்கத்திலேயே காட்டலாம். 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிகிறவரைக்கும் வேலூரும் நாமும் ஒரே வடஆற்காடு மாவட்டம்தானே. அந்த வடஆற்காட்டில், ராணிப்பேட்டையில், 1870 டிசம்பர் 9-ம் தேதி பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. அப்பாவும் இங்கேயே டாக்டர், மிஷனரி. சிறுமியாக இருந்தபோதே 1876-78 பெரும் பஞ்சத்தில் பசியால் வாடின பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தவர். பார்த்துப் பார்த்து, இந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். அமெரிக்காவில் படித்தார். குடும்பத்தில் எல்லாரும் மிஷனரி, நான் மட்டும் மாட்டேன் என்பதுதான் அவருடைய தீர்மானம்.

1890-ல் அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று செய்தி போனது. கவனித்துக்கொள்ள வந்தார். ஊழியத்துக்கு வரவில்லை, அம்மாவுக்காக வந்தார். அப்போது பெற்றோர் இருந்த ஊர் திண்டிவனம். நம்ம ஊரிலிருந்து செஞ்சி வழியாகப் பஸ் ஏறினால் வந்துவிடுகிற திண்டிவனம்தான். அங்கே இருந்த நாட்களில் ஒரு இரவு, ஒரு பிராமண வாலிபர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவ வேதனை, நீங்க வரணும் என்றார். நான் டாக்டர் இல்லை, அப்பா வருவார் என்றார் ஐடா. வேற்று ஆண் என் மனைவியைப் பார்க்கக்கூடாது என்று சொல்லி அவர் திரும்பிப் போய்விட்டார். அதே இரவில் ஒரு இஸ்லாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். பிறகு மூன்றாவதாக இன்னொரு இந்து குடும்பத்தார் வந்தார். அவரும் அப்படியே திரும்பினார். பொழுது விடிந்தது. விசாரித்துவரச் சொன்னார். மூன்று வீட்டுப் பெண்களும் இறந்துவிட்டார்கள்.

ஒரே இரவில் மூன்று தட்டல்! அந்த மூன்றிலும் தேவனுடைய சத்தத்தை அவர் கேட்டார். செவி திறந்தது. ஜெபத்தில் போராடி, மருத்துவம் படித்துத் திரும்பி வருகிறேன் என்று பெற்றோரிடத்தில் சொன்னார். அமெரிக்கா போனார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அரிதான காலம் அது. 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ம் ஆண்டு வேலூரில் கால் வைத்தார். கூடவே இருந்து கற்றுக்கொடுப்பார் என்று நம்பியிருந்த அப்பா அந்த வருஷமே மரித்துப்போனார். ஜனங்கள் பெண் டாக்டரை நம்பத் தயங்கினார்கள். ஆனாலும் அவர் மூட்டை கட்டவில்லை. ஒரே ஒரு படுக்கையோடு வீட்டிலேயே ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி எழும்பியது. வேலூரிலிருந்து குடியாத்தம் போகிற சாலையில், மரத்தடியில் நிறுத்தி நிறுத்தி ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1960 மே 24-ம் தேதி கொடைக்கானலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது அவருக்கு 89 வயது.

இன்றைக்கும் போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்து, எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு சி.எம்.சி.-க்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் தினமும் அங்கே வருகிறார்கள். அந்த நிறுவனத்தின் குறிக்கோள் எது தெரியுமா? மனுஷகுமாரன் பணிவிடை வாங்க வரவில்லை, பணிவிடை செய்யவே வந்தார் என்று மத்தேயு 20:28 காட்டுகிற சத்தியம். மாட்டேன் என்று சொன்ன ஒரு வாலிபப் பெண்ணின் மனதை ஒரே இரவில் தேவன் மாற்றினதால், இத்தனை பேருக்குக் கதவு திறந்தது.

இதில் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அவருக்கு அழைப்பு வந்தது மேடையில் அல்ல, வியாதியாயிருந்த அம்மாவைக் கவனிக்க வந்த வீட்டில். சாதாரணக் கடமையில் இருந்தபோதுதான் கதவு தட்டப்பட்டது. ஆகவே, படுக்கையில் கிடக்கிற மாமியாரைப் பார்த்துக்கொண்டு, கூட்டங்களுக்குக் கூட வர முடியாமல் இருக்கிற சகோதரியே, "எனக்கு ஊழியம் இல்லையே" என்று கலங்காதே. நீ இருக்கிற இடம் ஊழியத்துக்கு வெளியே இல்லை. எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று இல்லாமல் கர்த்தருக்கென்று மனதாரச் செய்யச் சொல்லி வேதம் கற்பிக்கிறது (கொலோ. 3:23).

4. குத்தப்பட்ட காது

நம்ம ஊரில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். பிள்ளை அலறும். யாரும் பிள்ளையிடத்தில் சம்மதம் கேட்பதில்லை! ஆனால் யாத்திராகமம் 21-ல் ஒரு காதுகுத்து இருக்கிறது. அங்கே குத்திக்கொள்கிறவனே முன்வந்து கேட்கிறான்.

எபிரெய அடிமை ஆறு வருஷம் வேலை செய்ய வேண்டும். ஏழாம் வருஷம் ஒன்றும் கொடுக்காமல் விடுதலையாகிப் போகலாம். ஆனால் அவன், நான் என் எஜமானை நேசிக்கிறேன், போக மனதில்லை என்று சொன்னால், எஜமான் அவனைக் கதவு நிலையண்டையில் கொண்டுபோய் அவன் காதைக் குத்துவான். அதற்குப் பிறகு அவன் என்றைக்கும் அந்த வீட்டு ஊழியக்காரன்.

யோசித்துப் பாருங்கள். ஆறாம் வருஷம் செய்த வேலையும், காது குத்தின பிறகு செய்கிற வேலையும் ஒன்றுதான். அதே நிலம், அதே ஆடு மாடு, அதே வெயில். மாறினது வேலை அல்ல, மனது. முன்பு போக முடியாததால் இருந்தான். இப்போது போக முடியும், ஆனாலும் இருக்கிறான். கட்டாயம் முடிகிற இடத்தில்தான் அன்பு தெரியும். அந்த அன்பின் அடையாளம் காதில் ஏன் விழுகிறது? கேட்கிற காது இனி எஜமானுக்குச் சொந்தம் என்பதற்காகத்தான். மனதும் செவியும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டது பார்த்தீர்களா?

40-ம் சங்கீதத்திலும் அப்படியே. 6-ம் வசனத்தில் செவி திறக்கப்படுகிறது, 8-ம் வசனத்தில் தேவசித்தம் செய்வதில் பிரியம் உண்டாகிறது. எபிரெயர் 10-ம் அதிகாரம் இந்தச் சங்கீதத்தை நம்முடைய ஆண்டவர்மேல் வைத்துப் பேசுகிறது. ஆம், அவரே அந்த மெய்யான ஊழியக்காரர். பன்னிரண்டு லேகியோனுக்கு அதிகமான தூதரை வரவழைத்துத் தப்பிப் போயிருக்கலாம். போகவில்லை. கெத்செமனேயில் வியர்வை இரத்தத்துளியாய் விழ, பிதாவின் சித்தமே ஆகட்டும் என்றார். அடிமைக்குக் காது குத்தப்பட்டது. அவருக்கோ கைகளும் கால்களும் குத்தப்பட்டன! நம்மை நேசித்ததால் அவர் போகவில்லை. அந்த அன்பைக் கண்டவன் எப்படி முறுமுறுத்து ஊழியம் செய்வான்?

5. இந்த மனது எப்படி வரும்?

"எல்லாம் சரி பாஸ்டர், எனக்கு மனசே வரலையே, நான் என்ன பண்றது?" என்று கேட்கிறவர்களுக்கு வேதம் நல்ல செய்தி வைத்திருக்கிறது. செய்கையை மட்டுமல்ல, விருப்பத்தையும் தேவனே நமக்குள் உண்டாக்குகிறார் (பிலி. 2:13). விருப்பம் வரவில்லையா? அதையே ஜெபத்தில் கேளுங்கள். பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்னே சீஷர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு பயந்திருந்தவர்கள். ஆவியானவர் வந்த பிறகோ அடிபட்டும் சந்தோஷமாய்ப் புறப்பட்டுப் போனார்கள் (அப். 5:41). அபிஷேகம் அந்நியபாஷையில் ஆரம்பிக்கட்டும், ஆனால் அங்கேயே நின்றுவிடக்கூடாது. அது முழங்காலுக்கும் இறங்க வேண்டும், கைக்கும் இறங்க வேண்டும், துடைப்பத்தைப் பிடிக்கிற விரலுக்கும் இறங்க வேண்டும்.

அதே நேரத்தில், விருப்பம் வந்த பிறகுதான் எழுந்திருப்பேன் என்று படுத்துக்கிடக்காதீர்கள். முதலாம் குமாரன் எழுந்து தோட்டத்துக்குப் போனான். தெரிந்த ஒரு சின்னக் காரியத்தில் கீழ்ப்படியுங்கள். போகிற வழியிலேயே மனது பின்னால் வந்து சேரும்.

நம்ம ஊரில் மாதந்தோறும் பௌர்ணமி வருகிறது. சாலையெல்லாம் ஜனம். 14 கிலோமீட்டர் தூரம், பலர் வெறுங்காலோடு, முதியோரும் கைக்குழந்தையோடு தாய்மாரும் இரவெல்லாம் நடக்கிறார்கள். யாரும் அவர்களைத் தள்ளவில்லை, மனதாரத்தான் நடக்கிறார்கள். அவர்களை யாரும் இகழ்ந்து பேச வேண்டாம். நம்மை நாம் கேட்டுக்கொள்வோம். ஜீவனுள்ள தேவனை அறிந்திருக்கிற நமக்கு, ரெண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு நடக்கக் கால் வலிக்கிறதா? மழை தூறினால் சபை பாதியாகிறதே, ஏன்? நம்ம ஊர் டேனிஷ் மிஷன் பள்ளியைப் பாருங்கள். டென்மார்க் என்கிற குளிர்தேசத்திலிருந்து கடல் கடந்து வந்து, இந்த வெயிலில் நின்று தமிழ் கற்று ஊழியம் செய்தவர்களின் நினைவை அந்தப் பெயர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. அவர்கள் மனதோடு வந்தார்கள். நாமோ இங்கேயே பிறந்திருக்கிறோம், மொழியும் தெரியும், வழியும் தெரியும். ஜவ்வாது மலைக் கிராமங்களுக்குப் போக இன்னும் ஆள் தேவை. ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் தேவை. அரசு ஆஸ்பத்திரியில் யாருமில்லாமல் படுத்திருக்கிற நோயாளிக்கு ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுபோகக் கை தேவை.

என்னிடத்தில் ஒன்றுமில்லையே என்கிறாயா? மனவிருப்பம் இருந்தால், இல்லாததின்படி அல்ல, இருக்கிறதின்படியே தேவன் ஏற்றுக்கொள்கிறார் (2 கொரி. 8:12). படிப்பு இல்லையா, ஜெபிக்க வாய் இருக்கிறது. பணம் இல்லையா, சுமக்கத் தோள் இருக்கிறது. நேரம் இல்லையா, கடலைக் கொல்லையில் களை எடுக்கும்போது பக்கத்து வரிசையில் இருக்கிறவளிடத்தில் இயேசுவைச் சொல்ல நாவு இருக்கிறது.

பிரியமானவர்களே, கதவு தட்டப்படுகிறது. முதல் தட்டலைக் கேட்காமல் விட்டிருக்கலாம், இரண்டாவதையும் விட்டிருக்கலாம். இந்த வாரம் ஆண்டவர் உங்கள் மனதில் வைக்கிற ஒரே ஒரு காரியத்தைத் தள்ளிப்போடாமல், முறுமுறுக்காமல் செய்யுங்கள். கர்த்தர் வாக்குமாறாதவர். தேசத்தின் நன்மையை நீங்களும் உங்கள் பிள்ளைகளும் காண்பீர்கள்.

ஜெபிப்போம்:

அன்புள்ள பரம தகப்பனே, எங்களுக்காகத் தம்மை மனதார ஒப்புக்கொடுத்த உம்முடைய குமாரனுக்காக ஸ்தோத்திரம். மனதில்லாமல் செய்த ஊழியத்தையும், சொல் கேளாத ஆர்வத்தையும் எங்களை விட்டு எடுத்துப்போடும். எங்கள் காதைத் திறந்தருளும். பரிசுத்த ஆவியினால் எங்களுக்குள் புது விருப்பத்தை உண்டாக்கும். திருவண்ணாமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் உமக்குச் சந்தோஷமாய்ப் பணிவிடை செய்கிற ஜனத்தை எழுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்! ஆமென்!